பட்டத்துக்கு நான்கு நாள் முன்பு: அகமதாபாத் நடைக் குறிப்புகள்

ஜனவரி 10, வெள்ளி

காலை எட்டு மணிக்கு நாங்கள் இருந்திருக்க வேண்டிய இடம் காளுப்பூர் சுவாமிநாராயண் கோயில் வாசல். எட்டே காலுக்கு நாங்கள் நின்றது ஷாஹிபாக்கில் இருக்கும் வேறொரு சுவாமிநாராயண் கோயில் வாசலில். ஆட்டோக்காரரிடம் ‘சுவாமிநாராயண் மந்திர்’ என்று மட்டும் சொல்லிவிட்டேன். ஊருக்குள் அந்தப் பெயரில் இரண்டு பெரிய கோயில்கள் இருப்பது எனக்குத் தெரியாது. விஷயம் புரிந்ததும் அவர் என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டார். “நானும் எந்தக் கோயில் என்று கேட்டிருக்க வேண்டும், பென்” என்று சொல்லி, காளுப்பூருக்குக் கொண்டுபோய் விட்டதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். முதலில் போன வழிக்கு மட்டும் 90 ரூபாய். பென் என்றால் சகோதரி. இந்த ஊரில் இருந்த நாள் முழுக்க எங்களை யாரும் மேடம் என்று கூப்பிடவில்லை. அக்காவும் நானும் எல்லோருக்கும் பென்தான்.

மாநகராட்சியின் பாரம்பரிய நடை 1997இலிருந்து இந்தக் கோயிலில்தான் தொடங்குகிறது. நாங்கள் வந்து சேர்வதற்குள் குழு கிளம்பிப் போய்விட்டது. “சரி விடு, அது நாளைக்கு. இன்னைக்கு நாமளே நடப்போம்” என்றாள் அக்கா. மதுரையிலிருந்து கிளம்பும்போதே முழங்காலுக்குப் பட்டை மாட்டிக்கொண்டு வந்தவள் அவள்.

கோயில் 1822இல் கட்டியது. சுவாமிநாராயண் என்கிற வைணவச் சம்பிரதாயத்தின் முதல் கோயில் இது. தூண், தாங்குகட்டை, மாடம் எல்லாம் பர்மா தேக்கு. மரச் சிற்பங்களுக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்று கண்ணைப் பறிக்கிற வண்ணம் அடித்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் குளிர் உறைத்தது. தெருமுனையில் ஃபாஃப்டாவும் ஜிலேபியும் சுடச்சுட எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடலை மாவை உள்ளங்கையால் பலகையில் இழுத்துத் தேய்த்து, கத்தியால் வழித்து எண்ணெயில் போடுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டோம். நூறு கிராம் ஃபாஃப்டா 50 ரூபாய். தொட்டுக்கொள்ள மோர்க்குழம்பு மாதிரி ‘கடி’ என்கிற ஒரு குழம்பு, வதக்கிய பப்பாளிக்காய்த் துருவல், வறுத்த பச்சை மிளகாய். ஒரு வாய் காரம், ஒரு வாய் ஜிலேபி. காலை ஒன்பதரைக்கு இனிப்பு சாப்பிடுவது தப்பில்லை என்று இந்த ஊர் முடிவு செய்துவிட்டிருக்கிறது. எனக்கும் அது சம்மதம்.

அப்புறம் ஒரு சந்துக்குள் நுழைந்தோம். பழைய நகரம் முழுக்கப் ‘போள்’ என்கிற குடியிருப்புச் சந்துகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், உள்ளே வளைந்து போகும் பாதை, அதிலிருந்து பிரியும் இன்னும் சிறிய சந்துகள். சில இடங்களில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியவில்லை. மேலே இரண்டு பக்க வீடுகளும் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்ந்திருப்பதால் வெயில் தரைக்கு வருவதே இல்லை. பத்தே நிமிடத்தில் வழி தவறிவிட்டோம். போன் காட்டிய நீலப் புள்ளி ஒரு வீட்டின் நடுவில் போய் நின்றது.

அக்காவால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. ஒரு வீட்டு முன்னால் திண்ணை இருந்தது, உட்கார்ந்துவிட்டாள். அதற்கு இங்கே ‘ஓட்லோ’ என்று பெயர். மற்றபடி நம் திண்ணையேதான். கதவு திறந்தது. எழுந்திருக்கப் போன அக்காவை ஓர் அம்மா கையமர்த்தி உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு சொம்பு தண்ணீர். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எழுபது வயது இருக்கும் அவருக்கு. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்கு அவர் குஜராத்தியில் பதில் சொன்னார். அக்கா தமிழிலேயே பேசினாள். மூன்று பேருக்கும் எல்லாம் புரிந்தது.

அந்தத் தண்ணீர் மழைத் தண்ணீர். வீட்டின் நடு முற்றத்துக்கு அடியில் ஒரு நிலத்தடித் தொட்டி, ‘டாங்கா’. மழைக்காலத்தில் கூரை நீர் குழாய் வழியாக அதில் இறங்குகிறது. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைத்தான் பிடிப்பார்களாம். மூடியைத் திறந்து, ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலைத் திருப்பிக் காட்டினார். அடியில் தண்ணீர் கறுப்பாக மினுங்கியது. வெளிச்சம் பட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று உடனே மூடியும் விட்டார்.

சந்து கொஞ்சம் அகலமாகிற இடத்தில் ஒரு கம்பம் நின்றது. உச்சியில் குடை விரித்த மாதிரி மர வேலைப்பாடு. விளக்குக் கம்பம் என்று நினைத்தேன். “சபூத்ரோ” என்றார் அந்த அம்மா. பறவைகளுக்குத் தானியம் போடுகிற மாடம் அது. ஊரைச் சுற்றி மதில் எழும்பி, மரம் வைக்க இடமில்லாமல் வீடுகள் நெருங்கிக்கொண்டபோது, பறவைகளுக்கென்று இப்படி ஓர் இடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். மனிதர் இருவர் ஒதுங்க இடமில்லாத சந்தில்! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கிளம்பும்போது அந்த அம்மா, செவ்வாய்க்கிழமை பட்டத் திருவிழாவான உத்தராயணத்துக்குத் தன் வீட்டு மொட்டை மாடிக்கு வரச் சொன்னார். உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பேரனைக் கூப்பிட்டு என் போன் எண்ணை வாங்கி வைக்கச் சொன்னார்.

மாலையில் ராய்ப்பூர் பக்கம் போனால் நடைபாதை எல்லாம் இளஞ்சிவப்பு. இரண்டு கம்பங்களுக்கு இடையே நூலை இழுத்துக் கட்டி, அதில் மாஞ்சா பூசுகிறார்கள். மாவுக் கஞ்சி, சாயம், கண்ணாடித் தூள். பூசுகிறவர்களின் விரல்களில் எல்லாம் துணிச் சுற்று. அதையும் தாண்டி வெட்டுக்கள். காய்ந்ததும் சக்கரத்தில் சுற்றிக் கொடுக்கிறார்கள்.

ஜனவரி 11, சனி

இன்று ஏழே முக்காலுக்கே கோயில் வாசலில் நின்றோம். குழுவில் பதினெட்டுப் பேர், பாதிப்பேர் அகமதாபாத்காரர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புது நகரத்தில் பிறந்து வளர்ந்து, இந்தச் சந்துகளை இன்றுதான் முதன்முதலில் பார்க்கிறோம் என்றார்கள்.

வழிகாட்டி ஓய்வு பெற்ற ஆசிரியர் போல இருந்தார். நிறுத்தி நிறுத்திப் பேசினார். முதல் நிறுத்தம் கவிஞர் தல்பத்ராமின் வீடு. 1820இல் பிறந்தவர், நவீன குஜராத்திக் கவிதையின் முன்னோடிகளில் ஒருவர். வீடு இப்போது இல்லை. முகப்பை மட்டும் திரும்பக் கட்டி, திண்ணையில் அவரை வெண்கலத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். பீடம் கிடையாது, கம்பி வேலி கிடையாது. ஒரு குழந்தை அவர் மடியில் பள்ளிப் பையை வைத்துவிட்டு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தது. சிலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு போனோம். யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைகிறோம் என்று கூசினேன். அது வீடு இல்லை, ரகசிய வழி. கலவரமோ கொள்ளையோ வந்தால் ஒரு போளிலிருந்து இன்னொரு போளுக்குத் தப்பிக்க வைத்தது. குவாவாலா காஞ்சா என்கிற முற்றத்தில் நாலைந்து வீடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாணி: ஒன்று மராட்டிய முகப்பு, ஒன்று பாரசீக வேலைப்பாடு, ஒன்று ஆங்கிலேயர் காலத்துத் தூண்கள். செங்கல் சுவருக்குள் மரச் சட்டங்களைக் கோத்துக் கட்டியிருப்பதால் நிலநடுக்கத்தில் வீடு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும் என்றார் வழிகாட்டி. 2017இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயர் வாங்கிய முதல் நகரம் இதுதான். ஆனாலும் நாங்கள் கடந்த வீடுகளில் பல பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் மரத்தூணைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பழைய தேக்குக்கு நல்ல விலையாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

ஹர்குன்வர் சேட்டாணியின் ஹவேலி (பழைய மாளிகை வீடு) முன்னால் நின்றபோது அக்கா முன்வரிசைக்கு வந்துவிட்டாள். கணவர் ஹத்தீசிங் தொடங்கி வைத்த பெரிய ஜைனக் கோயிலை, அவர் இறந்த பிறகு இந்த அம்மாள் பொறுப்பெடுத்து 1848இல் கட்டி முடித்தார். “அந்தக் காலத்துல தனியா நின்னு முடிச்சிருக்கா பாருடி” என்று என் கையைக் கிள்ளினாள்.

மாணேக் சௌக்கில் நகைக் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. இந்த இடத்தின் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1411இல் சுல்தான் அகமது ஷா ஊருக்கு மதில் எழுப்பியபோது, மாணேக்நாத் என்கிற சாமியார் பகலெல்லாம் பாய் பின்னுவாராம். இரவில் நூலை உருவிப் பிரித்துவிடுவாராம். நூல் பிரியப் பிரிய, அன்று பகலில் எழும்பிய மதில் சரிந்து விழும். நேற்று பார்த்த இளஞ்சிவப்பு நூல்தான் எனக்கு நினைவு வந்தது.

நடை ஜும்மா மசூதியில் முடிந்தது. 1424இல் கட்டியது. 260 தூண்கள், 15 குவிமாடங்கள். 1819 நிலநடுக்கத்தில் மினார்களின் மேல்பகுதி விழுந்துவிட்டது, அடிப்பகுதி மட்டும் நிற்கிறது. பத்தரை மணி வெயிலில் மஞ்சள் கல் தளம் இளஞ்சூடாக இருந்தது. அக்கா ஒரு தூணில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அங்கே துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் விலகச் சொல்லப் போகிறார் என்று பயந்தேன். அவர் வெயில் படாத பக்கமாக உட்காரும்படி கை காட்டிவிட்டுப் போனார்.

மதியம் தாளிச் சாப்பாடு, ஆளுக்கு 320 ரூபாய். பருப்பில் வெல்லம். அக்கா இரண்டாவது வாய்க்கு மேல் போகவில்லை. மோர் மட்டும் ஐந்து டம்ளர் குடித்தாள். இரவு மறுபடி மாணேக் சௌக். நகைக் கடைகள் மூடியதும் அதே சதுக்கம் சாப்பாட்டுக் கடைத் தெருவாக மாறுகிறது. அன்னாசிப் பழமும் துருவிய சீஸும் வைத்து ஒரு சாண்ட்விச் பிரபலம். எனக்குப் பிடிக்கவில்லை. பாவ் பாஜி நன்றாக இருந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

எல்லிஸ் பாலத்துக்குக் கீழே, சபர்மதிக் கரையில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடுகிற குஜரி பஜார். பழைய மின்விசிறி, கட்டில் கால், ரம்பம், கோழி, ஆடு, பள்ளிப் புத்தகம், ஒற்றைச் செருப்பு. சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் பெண்கள். அக்கா ஒரு கனமான இரும்பு வாணலியைத் தூக்கித் தட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்மணி 400 சொன்னார். அக்கா விரலில் 200 காட்டினாள். அவர் சிரித்து, வாணலியின் அடியைத் திருப்பி, ஓட்டை இல்லை, ஒட்டு இல்லை என்று தடவிக் காட்டி, 300 என்றார். அக்கா மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டாள். “அவ சொன்னது நியாயம்” என்றாள். அந்த மூன்று கிலோவை அன்று முழுக்க நான் சுமந்தேன்.

அங்கிருந்து பத்ரா கோட்டை, அதற்கு எதிரே மூன்று வாசல் கொண்ட தீன் தர்வாஜா. சுற்றி ஒரே கூட்டம். வளையல், துப்பட்டா, குழந்தைச் சட்டை, ‘சௌ ருப்பியா, சௌ ருப்பியா’ (நூறு ரூபாய்) என்ற கூச்சல். அதற்கு நடுவில் ஒரு மாடத்தில் விளக்கு எரிகிறது. ஓர் இரவு லட்சுமி ஊரை விட்டுப் புறப்பட்டு வாசலுக்கு வந்தாளாம். காவலர் க்வாஜா சித்தீக், சுல்தானிடம் உத்தரவு வாங்கி வருகிறேன், நான் வரும் வரை போகக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு போய், திரும்பி வராமலிருக்கத் தன் தலையையே கொடுத்துவிட்டாராம். லட்சுமி இங்கேயே தங்கிவிட்டாள். அந்த விளக்கைத் தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பம் ஏற்றி வருகிறது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்ததே அதே வாசலில் இருக்கிற இன்னொன்றுக்காக. 1812இல், மராட்டிய ஆட்சியில், சிம்னாஜி ரகுநாத் என்கிற ஆளுநர் அங்கே ஒரு கல்வெட்டு வைத்தார். தகப்பன் சொத்தில் மகளுக்கு உரிய பங்கைத் தடையில்லாமல் கொடுக்க வேண்டும். மீறினால் இந்து மகாதேவனுக்கும் முஸ்லிம் அல்லாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். தேவநாகரி எழுத்தில் இருக்கிறது. நேற்றைய வழிகாட்டி சொல்லியிருந்ததை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

அக்காவுக்குக் கல்யாணம் 1987இல். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அது இல்லை. நான் 1992இல் கல்யாணம் பண்ணிக்கொண்டவள். 1999இல் அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்தபோது, எனக்கும் தம்பிக்கும் வந்த அளவு அக்காவுக்கு வரவில்லை. மத்தியச் சட்டம் திருந்தியது 2005இல். அதற்குள் எல்லாம் பதிவாகி முடிந்துவிட்டது. இந்த இருபத்தைந்து வருடத்தில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசியதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

தோளை இடிக்கிற கூட்டத்தில் அவள் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “எந்த வருஷம்னு சொன்ன?” என்று கேட்டாள். சொன்னேன். “ம்” என்றாள். அப்புறம், “வாணலியக் குடு, கொஞ்ச நேரம் நான் வச்சுக்கிறேன்” என்றாள். நான் கொடுக்கவில்லை. ஊருக்குப் போனதும் தம்பியிடம் பேசப் போகிறேன் என்று சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஜனவரி 13, திங்கள்

முழங்கால் வீங்கிவிட்டது. காலை முழுக்க வெந்நீர் ஒத்தடம். மாலையில் ஆட்டோவில் சிதி சையது மசூதிக்கு மட்டும் போனோம். அபிசீனியாவிலிருந்து (இன்றைய எத்தியோப்பியா) வந்த ஒருவர் 1573 வாக்கில் கட்டியது. பின்சுவரின் அரைவட்டச் சன்னலில் ஒரே மரம் கிளை விரித்துப் பின்னிப் படர்ந்திருக்கிறது, அத்தனையும் கல். உள்ளேயிருந்து பார்ப்பதைவிட, சாலைப் பக்கம் நின்று, அந்தி வெளிச்சம் துளைகளுக்குள் போவதைப் பார்ப்பது அழகு. பக்கத்தில் லக்கி டீக்கடை. சமாதிகளுக்கு நடுவே மேஜை போட்டிருக்கிறார்கள். பச்சை வண்ணம் அடித்து, கம்பி கட்டி, தினமும் பூ வைத்து மரியாதையாகவே வைத்திருக்கிறார்கள். அக்கா முதலில் தயங்கினாள். அப்புறம் வெண்ணெய் தடவிய பன் மஸ்காவை டீயில் தோய்த்துச் சாப்பிட்டாள்.

திரும்பும்போது ஒன்று கவனித்தேன். ஸ்கூட்டர்களின் கைப்பிடியிலிருந்து வளைந்த கம்பி ஒன்று ஓட்டுபவரின் தலைக்கு மேல் போகிறது. கழுத்தில் மாஞ்சா நூல் அறுக்காமலிருக்க. கம்பி இல்லாதவர்கள் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள்.

ஜனவரி 14, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே அந்தப் பேரன் போன் செய்துவிட்டான்: “மாசி, கிளம்பிவிட்டீர்களா?” மாசி என்றால் சித்தி, பெரியம்மா. அவன் பாட்டி சொன்னது உபசாரம் இல்லை.

மர ஏணியில் மூன்று மாடி. அக்காவை முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக ஏற்றிவிட்டார்கள். மேலே போனதும் நான் பேச்சிழந்துவிட்டேன். கீழே சந்துகளில் வானமே தெரியாத ஊர், மேலே வந்தால் முழுக்க வானம். ஒவ்வொரு ஓட்டுக் கூரையிலும், தகரத்திலும், தொட்டி மேலும் ஆட்கள். பாட்டு, பீப்பி, ஒரு பட்டம் அறுந்தால் “காய்போ சே!” (அறுத்தாச்சு!) என்று பத்து மாடிகளிலிருந்து ஒரே குரல். சாப்பிட உந்தியு என்கிற காய்கறிக் கலவை, எள் சிக்கி, கரும்பு. கோதுமையும் வெல்லமும் நெய்யும் போட்டுக் குழைய வைத்த கீச்சடோ ஒரு கிண்ணம். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, “நம்ம சக்கரைப் பொங்கலுக்குத் தங்கச்சி” என்றாள். மதுரைக்கு வீடியோவில் கூப்பிட்டு, இங்கிருந்தே பொங்கலோ பொங்கல் சொன்னோம். பாட்டியும் சேர்ந்து சொன்னார்.

மூன்று மணி வாக்கில் சத்தம் வேறு மாதிரி ஆனது. சபூத்ரோவின் குடையில் ஒரு புறா தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கையில் இளஞ்சிவப்பு நூல். அது அடிக்க அடிக்க நூல் உள்ளே இறங்கியது. தானியம் தின்ன வந்த இடத்திலேயே. பேரன் சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு 1962க்குப் போன் செய்தான். இந்த நாட்களில் அரசு ‘கருணா’ என்ற பெயரில் காயம்பட்ட பறவைகளைக் காப்பாற்றும் பணியை நடத்துகிறது, அதற்கான எண். வண்டி சந்துக்குள் வராது, முனை வரை கொண்டுவாருங்கள் என்றார்களாம். பக்கத்து வீட்டு இளைஞர் ஏறி, நூலை இழுக்காமல் இரண்டு பக்கமும் கத்தரித்து, புறாவைத் துண்டில் சுற்றி இறக்கினார். அட்டைப் பெட்டியில் துளை போட்டு வைத்தோம். பெட்டியை அக்கா மடியில் வைத்துக்கொண்டாள். அவள் புடவையெல்லாம் ரத்தம். பேரனும் நானும் முனைக்கு ஓடினோம். வண்டியில் ஏற்கெனவே ஏழு பெட்டிகள் இருந்தன.

திரும்பி மாடிக்கு வந்தபோது பட்டங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. பையன் அதன் பிறகு சக்கரத்தைத் தொடவில்லை. பாட்டி அவனிடம் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். தன் சின்ன வயதில் பறவை கூடு திரும்பும் நேரத்துக்கு முன்பே பட்டத்தை இறக்கச் சொல்லி அப்பா மாடிக்கு வந்துவிடுவார் என்று சொன்னாராம். அவர்கள் மாடியில் அன்று நாலரைக்கே எல்லாப் பட்டமும் இறங்கிவிட்டது. மற்ற மாடிகளில் இருட்டும் வரை இறங்கவில்லை. எனக்கு அந்தக் கொண்டாட்டம் பிடித்திருந்தது. ஆனால் கண்ணாடித் தூள் பூசாத நூலிலும் பட்டம் பறக்கும். இதை அந்த ஊர்க்காரர்களிடம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, அந்த இறக்கையைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஜனவரி 15, புதன்

இன்றும் பட்டம் உண்டு, ‘வாசி உத்தராயண்’. மதியம் ரயில். காலையில் விடைபெறப் போனோம். சந்தில் பாட்டி ஒரு குச்சியோடு நின்று, கம்பியிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் சிக்கியிருந்த நூலைச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பேசாமல் இன்னொரு குச்சியை எடுத்துக்கொண்டாள். அரை மணி நேரம் மூன்று பேரும் எடுத்தோம். என் ஆள்காட்டி விரலில் வெட்டு. தலை அளவுக்கு ஓர் உருண்டை சேர்ந்தது. பாட்டி அதைத் தெருவில் போடவில்லை, தகர டப்பாவில் வைத்து எரித்தார்.

சூரத் தாண்டியதும் பேரனிடமிருந்து செய்தி: “மாசி, இறக்கையில் தையல் போட்டிருக்கிறார்கள். சாப்பிடுகிறதாம். பறக்குமா என்று பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.” அக்காவிடம் படித்துக் காட்டினேன். “பத்து நாள்னா இருபத்தஞ்சாம் தேதி, குறிச்சு வச்சுக்கோ” என்றாள்.